மூன்று மொச்சையும் ஒன்றுதானா? புரதச் சோதனை சொல்லிவிடுமா?

6 ஆகஸ்ட் 2023, கேள்வி

அக்கா, எங்கள் வீட்டில் மூன்று மொச்சை இருக்கிறது. ஒன்று அம்மாச்சி பானையில் சாம்பல் போட்டு வைத்திருப்பது. இன்னொன்று சித்தப்பா தோட்டத்து விதை. மூன்றாவது வத்தலக்குண்டு சந்தையில் வாங்கியது. மூன்றுமே வெளிர் பழுப்பு, ஒரே அளவு, கலந்து கொட்டினால் பிரிக்க முடியாது. மூன்றும் ஒரே ரகம் என்பது என் கட்சி. அம்மாச்சி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். விதைப் புரதத்தைச் சோதித்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று கேள்விப்பட்டேன். தீருமா?

6 ஆகஸ்ட், இரவு

பாதி தீரும். புரதப் பட்டைகள், அதாவது சோதனையில் புரதம் பிரிந்து நிற்கும் கோடுகள், வேறு வேறாக வந்தால் ரகம் வேறு என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்றாக வந்தால் ஒன்றுமே சொல்ல முடியாது. "ஒன்றாக இருக்கிறது, அதனால் ஒரே ரகம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.

7 ஆகஸ்ட்

ஒன்பது வருடம் ஒரு விதை ஆய்வுக்கூடத்தில் இதைத்தான் செய்தேன். அதனால் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விதையின் தோலை உரித்துவிட்டுப் பருப்பை மட்டும் மாவாக அரைக்க வேண்டும். தோலோடு அரைத்தால், அதுவும் கறுப்பு, சிவப்பு விதையாக இருந்தால், தோலின் துவர்ப்பு கரைசலில் இறங்கிப் பழுப்பேறிவிடும். அப்புறம் ஜெல்லில், புரதத்தைப் பிரிக்கும் கூழ்த் தகட்டில், எல்லாம் இழுபட்டுத்தான் வரும். மாவில் ஒரு சிட்டிகை போதும். உப்பு சேர்ந்த கரைசலில் ஊற வைத்துச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்பதில் விதையின் சேமிப்புப் புரதம் இருக்கும். பயறு வகைகளில் பெரும்பகுதி குளோபுலின், அது தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் நன்றாகக் கரையும். நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்த வழி சரிப்படாது, அவற்றின் புரதம் வேறு குணம்.

இதோடு எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளையும் புரதத்தின் கட்டுகளை அறுக்கும் மெர்காப்டோ எத்தனாலையும் சேர்த்துக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வைப்போம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அது மூக்கிலேயே நிற்கும். அந்தச் சூட்டில் சுருண்டு கிடக்கும் புரதம் பிரிந்து நூலாக நீளும். சோப்பு அதன்மேல் ஒட்டிக்கொண்டு எல்லாப் புரதத்துக்கும் ஒரே மாதிரி எதிர்மின்னேற்றம் கொடுத்துவிடும். ஜெல்லின் மேல் விளிம்பில் சீப்பு செருகி எடுத்த குழிகளில் ஒவ்வொரு விதையின் சாற்றையும் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சின்னப் புரதம் வேகமாகக் கீழே ஓடும், பெரியது மேலேயே தங்கும். 1970-இல் லெம்லி என்பவர் செம்மைப்படுத்திய முறை இது. இன்றும் அதேதான்.

கடைசியில் கூமாசி நீலத்தில் ஊற வைத்துக் கழுவுவோம். கம்பளிக்குச் சாயம் போட வந்த நீலம் அது, கானாவின் குமாசி நகரத்துப் பெயரைத் தாங்கியது. கழுவக் கழுவ ஜெல் கண்ணாடி மாதிரி தெளிந்து, புரதம் நின்ற இடங்கள் மட்டும் நீலக் கோடுகளாக மிஞ்சும். முதல் கோடு தெரியத் தொடங்கும் அந்த நிமிடத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் கை வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

7 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. ஜெல் உறைவதற்கு முன் இருக்கும் அக்ரிலமைடு நரம்புக்கு விஷம். யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

9 ஆகஸ்ட்

"ஒன்றாக வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது" என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. பதில் நம் மொச்சையில் இல்லை, பீன்ஸில் இருக்கிறது. ராஜ்மா, பச்சை பீன்ஸ் எல்லாம் வரும் அந்த இனத்தில்தான் இந்த வேலை மிக அழகாக நடந்தது.

பீன்ஸ் விதையின் முக்கியப் புரதம் ஃபேசியோலின். ஜெல்லில் 45 முதல் 52 கிலோடால்டன் வரை எடையுள்ள பட்டைகளாக, நெருக்கி நெருக்கி நிற்கும். 1981-இல் அமெரிக்காவில் இந்தப் பட்டை அமைப்பை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: எஸ், டி, சி. எந்த ரகத்தில் பார்த்தார்களோ அதன் முதல் எழுத்து. சானிலாக், டெண்டர்கிரீன், கன்டென்டர். கன்டென்டர் இந்தியாவிலும் பயிரான பச்சை பீன்ஸ் ரகம்தான்.

அப்புறம் பால் கெப்ட்ஸ் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை வரை காட்டு பீன்ஸையும் உழவர்களின் பழைய ரகங்களையும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தார்கள். 1986-இல் வெளியான முடிவு இது: மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பயிர் ரகங்கள் பெரும்பாலும் எஸ். ஆண்டிஸ் பக்கம் டி, சி முதலானவை. அந்தந்தப் பக்கத்துக் காட்டுச் செடியிலும் அதே பிரிவு. அப்படியானால் மனிதர்கள் பீன்ஸை ஒருமுறை அல்ல, இரண்டு இடங்களில் தனித்தனியாகக் காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எழுத்தில் எங்கும் இல்லாத ஒரு வரலாற்றை ஒரு சிட்டிகை மாவு சொல்லிவிட்டது! ஐரோப்பாவின் பழைய பீன்ஸ்களில் ஆண்டிஸ் வகை மிகுதி என்பதும் இதே வழியில்தான் தெரிந்தது.

இப்போது மறுபக்கம். மெக்சிகோ பக்கத்துக் கறுப்பு பீன்ஸும், சின்ன வெள்ளை பீன்ஸும் பெரும்பாலும் எஸ்தான். நிறம் வேறு, வேகும் நேரம் வேறு, ருசி வேறு. ஜெல்லில் ஒன்று. காட்டில் பல வகை ஃபேசியோலின் இருந்தும், வயலுக்கு வந்தது கையளவு விதையின் வாரிசுகள்தான். அந்தக் கையளவில் இருந்த பட்டைதான் பின்னால் வந்த எல்லா ரகத்துக்கும்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மூன்று வகை என்பது 1981 கணக்கு. பிறகு ஆண்டிஸில் எச், ஏ, கொலம்பியாவில் பி, பெரு, ஈக்வடார் எல்லைப் பக்கத்துக் காட்டுச் செடியில் ஐ என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. மூன்றோடு நிறுத்தி எழுதியது என் தவறு.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ஃபேசியோலின் மரபணுக்கள் எல்லாம் 7-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவை. தலைமுறைக்குத் தலைமுறை மொத்தமாகவே கைமாறும். எனவே நாம் பார்ப்பது அந்த ஒரே இடத்தை. வாசல்படியைப் பார்த்து வீடு முழுக்கத் தெரிந்தது என்று சொல்லக் கூடாது.

10 ஆகஸ்ட், மாலை

"மூக்குத்தி அவரையும் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டவருக்கு: அது அவரையே இல்லை. பூவரும்பு மூக்குத்தி மாதிரி இருக்கும், நாம் சமைப்பது அந்தக் காம்பை. செடி தாளி, சர்க்கரைவள்ளிக்கிழங்குக் குடும்பம். கொத்தவரை, சிறகவரை, வாளவரை மூன்றும் பயறுக் குடும்பம்தான், ஆனால் மூன்றும் மூன்று பேரினம். நம் ஆட்கள் காயைப் பார்த்து அவரை என்று கூப்பிட்டார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. பந்தல் அவரையும் மொச்சையும் மட்டும் ஒரே இனம்: பச்சைத் தோலோடு தின்பதை அவரை என்கிறோம், உரித்துப் பருப்பைத் தின்பதை மொச்சை என்கிறோம். இரண்டும் மகரந்தம் மாறித் தாராளமாகக் கலக்கும். இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், தம்பியின் கேள்விக்கு அது தேவைப்படும்.

12 ஆகஸ்ட்

"ஒரு விதை அனுப்பினால் போதுமா?" போதாது. இதில் நான் பட்டது ஒன்று உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பாட்டியின் விதை வந்தது. பத்து விதையைச் சேர்த்து அரைத்து ஓட்டினேன். பட்டைகள் நிறைய, இதுவரை பார்க்காத அமைப்பு. புது வகை என்று அறிக்கையே எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முந்தின நாள் எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா ஒருவர், "தனித்தனி விதையாக ஓட்டினாயா?" என்று மட்டும் கேட்டார். ஓட்டினேன். இரண்டு சாதாரண வகை, பத்து விதையில் ஆறும் நாலுமாகக் கலந்திருந்தது. சேர்த்து அரைத்ததால் இரண்டின் பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புதிதாகத் தெரிந்திருக்கிறது. அந்த அறிக்கை போயிருந்தால் அந்தப் பாட்டியின் விதைக்கு இல்லாத ஒரு பெயர் நிலைத்திருக்கும். அதற்குப் பிறகு நான் சேர்த்து அரைத்ததே இல்லை.

உழவர் விதை என்பது பெரும்பாலும் கலவைதான். அது அதன் குறை இல்லை. ஒரு வருடம் மழை தப்பினாலும் ஏதோ கொஞ்சம் கைக்கு வருவதற்குக் காரணமே அந்தக் கலவையாக இருக்கலாம். ஆனால் சோதிப்பவர் கணக்குப் போட வேண்டும். பத்தில் ஒரு விதை வேறு வகை என்று வையுங்கள். பத்து விதை மட்டும் எடுத்தால் அந்த வேறு வகை கையில் சிக்காமலே போகும் வாய்ப்பு நூற்றுக்கு 35. முப்பது எடுத்தால் அது நூற்றுக்கு 4 ஆகிவிடும். எனவே குவியலுக்கு முப்பது.

13 ஆகஸ்ட்

காலையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

விதையை ஊற வைத்துப் பிதுக்குங்கள். கையில் நிற்கும் தோல் தாய்ச் செடியின் உடம்பு. வெளியே வழுக்கி வரும் பருப்பு பிள்ளையின் உடம்பு, அதில் அப்பன் பங்கும் உண்டு. நாம் கண்ணால் பார்த்து ரகம் சொல்வது தோலின் நிறத்தை வைத்து, அதாவது தாயை வைத்து. தேனீயோ கருவண்டோ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்திருந்தாலும் இந்த வருடத்து விதை தாய் மாதிரியேதான் இருக்கும். அடுத்த வருடம் செடியாகிப் பூத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

புரதம் பருப்பில் இருக்கிறது. தாய்ப்பட்டை, தகப்பன்பட்டை இரண்டும் அதில் சேர்ந்தே தெரியும். கண்ணைவிட ஒரு தலைமுறை முன்னால்! கலப்பைக் கண்டுபிடிப்பதற்கு இந்தச் சோதனை இவ்வளவு உதவுவதற்கு இதுதான் காரணம்.

16 ஆகஸ்ட்

தம்பியின் மூன்று பொட்டலமும் வந்துவிட்டன. தோழி ஒருத்தி வேலை பார்க்கும் கல்லூரியில் ஓட்டித் தர ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாச்சியின் விதையை அரைத்துத் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. அரைக்கத் தேவையும் இல்லை. மொச்சை விதையின் ஓரத்தில் தடித்த வெள்ளைக் கோடு இருக்கிறது இல்லையா, முளை அதன் பக்கத்தில் உறங்குகிறது. அந்தக் கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் புது பிளேடால் நகக்கண் அளவு சீவி எடுத்தால் சோதனைக்கு அது போதும். மிச்ச விதை முளைக்கும், வெட்டுவாயில் சாம்பல் தொட்டு வைத்தால் பூஞ்சணமும் பிடிக்காது. 90 விதையும் சீவி, எண் போட்டு, சீவலைப் பொட்டலத்திலும் விதையை முட்டை அட்டையின் குழிகளிலும் வைத்தேன். கண் வலிக்கிறது.

18 ஆகஸ்ட்

நேற்றோடு ஆடி முடிந்தது. வெட்டிய விதைகளைத் தம்பிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். எண் மாறாமல் குச்சி நட்டு ஊன்றச் சொல்லியிருக்கிறேன். முடிவு வரும்வரை காத்திருந்தால் பட்டம் தவறிவிடும்.

30 ஆகஸ்ட்

முடிவு வந்தது.

அம்மாச்சியின் முப்பதில் 29 ஒரே அமைப்பு. சித்தப்பாவின் முப்பதும் அதே அமைப்பு. சந்தை விதையில் 22 அதே அமைப்பு, 8 விதையில் ஒரு பட்டை சற்றே கீழே இறங்கி நிற்கிறது. அம்மாச்சி குவியலின் 17-ஆம் விதையில் இரண்டு பட்டையும், மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒவ்வொன்றும் மற்றவற்றில் பாதி கனமாக.

தம்பி, போன வருடம் அம்மாச்சி தோட்டத்துக்குப் பக்கத்தில் யாராவது சந்தை விதை போட்டிருந்தார்களா?

30 ஆகஸ்ட், இரவு

போட்டிருந்தாராம். வரப்புக்கு அந்தப் பக்கம், பெரியப்பா. அப்படியானால் 17-ஆம் விதை அங்கிருந்து வந்த மகரந்தம். அம்மாச்சி கையில் வைத்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, தோல் அவருடைய செடியின் தோல்.

31 ஆகஸ்ட்

"அம்மாச்சியுடையதும் சித்தப்பாவுடையதும் ஒன்று என்று ஆகிவிட்டதே, என் கட்சி ஜெயித்தது" என்று தம்பி எழுதியிருக்கிறார். இல்லை. முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். செடி வளரட்டும்.

நேற்று நான் "பாதி கனம்" என்று எழுதியதையும் கொஞ்சம் அடக்கிச் சொல்கிறேன். பட்டை எங்கே நிற்கிறது என்பது மரபு. எவ்வளவு கனமாக நிற்கிறது என்பதில் மண்ணுக்கும் பங்கு உண்டு. பட்டாணியில் கந்தகம் குறைந்த மண்ணில் லெகுமின் என்ற விதைப் புரதம் குறைந்து விசிலின் என்ற இன்னொன்றின் பங்கு கூடிவிடும். இடத்தை நம்புங்கள், கனத்தை நம்பாதீர்கள். 17-ஆம் விதையைக் கலப்பு என்று நான் சொல்வது இரண்டு இடத்திலும் பட்டை இருப்பதால்தான்.

17 செப்டம்பர்

பேச்சு வண்டுக்குப் போய்விட்டது. போகட்டும், அதுவும் புரதக் கதைதான்.

"வண்டு விழாத மொச்சை உண்டா, அதைப் புரதத்தில் பார்க்கலாமா?" மெக்சிகோவின் காட்டு பீன்ஸில் ஆர்செலின் என்று ஒரு விதைப் புரதம் உண்டு. கெரேரோ மாநிலத்து ஆர்செலியா ஊரின் பெயர் அது. மெக்சிகோ பீன்ஸ் வண்டு அந்த விதையின்மேல் முட்டையிட்டாலும் புழு தேறாது. 1988-இல் அதை நிறுவினார்கள். ஜெல்லில் ஃபேசியோலினுக்குக் கீழே தனிப் பட்டையாகத் தெரியும் என்பதால், கலப்பினம் உருவாக்கும்போது வண்டை விட்டுச் சோதிக்காமலே எந்த விதையில் அது இறங்கியிருக்கிறது என்று பிரிக்கலாம். பயிரான பீன்ஸில் அது இல்லை, காட்டுச் செடியில்தான். காடு அழியும்போது இப்படி எதெல்லாம் கூடவே போகிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

நம் மொச்சைக்குச் செம்மண் கரைசலில் புரட்டிக் காய வைப்பதும் சாம்பலும்தான் வழி. அம்மாச்சி செய்வதே சரி.

5 நவம்பர்

இரண்டு கேள்வி. சுருக்கமாக.

டி.என்.ஏ. சோதனை மேலானதா? ஆம். குரோமோசோம் முழுக்கப் பல இடங்களைப் பார்க்கலாம், புரதத்தில் ஒன்றாகத் தெரிவதையும் பிரிக்கும். வசதி இருந்தால் அதையே செய்யுங்கள். புரதம் மலிவு, சீக்கிரம், கலப்பைப் பிடிக்கப் போதும்.

புரத முடிவை வைத்து ரகத்தைப் பதிவு செய்யலாமா? 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் ரகத்தையும் பதிவு செய்யலாம். ஆனால் பார்ப்பது தனித்தன்மை, ஒரேசீரான தன்மை, நிலைப்பு. பூ நிறம், காய் வடிவம், பூக்கும் நாள் என்று வயலில் வளர்த்துத்தான் அதைக் காட்ட வேண்டும். ஜெல் படம் துணைக்கு வரும், அவ்வளவுதான்.

26 நவம்பர்

அம்மாச்சியின் மொச்சை பூத்துவிட்டது. வெள்ளைப் பூ. சித்தப்பாவுடையது இன்னும் கொடிதான் வீசிக்கொண்டிருக்கிறதாம். 17-ஆம் குச்சியில் பூ ஊதா!

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். வெள்ளைக்கு நடுவில் ஒற்றை ஊதா. ஆகஸ்டில் நகக்கண் அளவு பருப்பு சொன்னது நவம்பரில் பூவாக நிற்கிறது.

தம்பி, உடனே செய்ய வேண்டியது: அந்தச் செடியின் பூவை இன்றே கிள்ளிவிடுங்கள், வண்டு அதிலிருந்து மற்றதற்குப் போகக் கூடாது. விதைக்கு வைக்கும் செடிகளில் பத்துப் பூங்கொத்தை மலர்வதற்கு முன்பே மெல்லிய வலைப் பையால் கட்டுங்கள். மொச்சை தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், பயம் வேண்டாம்.

18 டிசம்பர்

சித்தப்பாவுடையது நேற்றுதான் பூத்ததாம். அம்மாச்சியுடையதற்கு மூன்று வாரம் பின்னால், ஒரே நிலம், ஒரே நாளில் ஊன்றியது, ஒரே தண்ணீர். ஜெல்லில் ஒன்று, வயலில் இரண்டு. கடைசி மழைக்கு முன்னால் பூத்துவிடுகிற மொச்சை எது, பனியில் பூக்கிற மொச்சை எது என்று மானாவாரிக்காரர்களுக்கு வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த வித்தியாசம் இது. அம்மாச்சி இதைத்தான் "என்னது முந்தும், அவனது பிந்தும்" என்று ஆகஸ்டிலேயே சொன்னாராம். தம்பி இன்றுதான் எழுதுகிறார். அதை முதல் நாளே எழுதியிருந்தால் நான் 60 விதை சீவியிருக்க மாட்டேன். சந்தை விதையை மட்டும் பார்த்திருப்பேன்.

19 டிசம்பர்

இல்லை, சீவியிருப்பேன். சீவாவிட்டால் 17 தெரிந்திருக்காது. நேற்று எழுதியதை விடுங்கள்.

வாசனையைப் பற்றிக் கேட்டவருக்கு: பச்சை மொச்சைக் காயைத் தொட்டால் கையில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கில்தான் அந்த மணம் இருக்கிறது. அது காயின் தோலில் ஊறுவது. விதைப் புரதத்தில் அதைத் தேட முடியாது, மூக்குதான் கருவி.

16 ஜனவரி 2024

பொங்கல் மொச்சைக் குழம்புக்கு அம்மாச்சி தோட்டத்துக் காய்தான் போயிற்றாம், வலை கட்டாத கொடிகளிலிருந்து பறித்தது. 17-ஆம் செடியைப் பிடுங்கவில்லை. முதல் பூக்களைக் கிள்ளியும் பிறகு மறைவில் பூத்து நாலு காய் விட்டிருக்கிறது. அதைத் தனியாக வேக வைத்துத் தின்றுபார்த்து, "ருசி மட்டம்தான், ஆனாலும் மொச்சைதான்" என்றாராம் அம்மாச்சி.

வலைப்பையில் முற்றியது முக்கால் படி இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு தனிப் பானை, சாம்பல், மேலே தேதி எழுதிய சீட்டு. சித்தப்பாவுடையதற்கு வேறு பானை. ஆனி மாதம் அந்த முக்கால் படியிலிருந்து முப்பது விதை எனக்கு அனுப்புங்கள், பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன்.